முதுகைக் காட்டி வாசித்தவள்

மார்ச் 2, சனி

நான் ஒலி அமைக்கும் கூபாவ் மாடி கிளப்பில் இன்று மூன்று இசைக்குழுக்கள். முதலாவது வெறும் கூச்சல். இரண்டாவதின் பாடகனுக்குக் குரலைவிட முடி அதிகம். மூன்றாவது ‘ஈரத் தீக்குச்சி’ — என் ஒலி மேசையே அதிர்ந்தது. பேஸ் கிதார் வாசிக்கும் ரொவேனா கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே நின்றாள். இடக்கை. ஒவ்வொரு சுரமும் கதவைத் தட்டிவிட்டு ஓடுவது போல. வீடு வந்ததும் கிளப்பின் இணையப் பக்கத்தில் இப்படியே எழுதிப் போட்டேன். படம் வேண்டாம் என்றிருந்தாள், போடவில்லை.

மார்ச் 9

நானூறு பேர் படித்திருக்கிறார்கள்!

மார்ச் 13, புதன்

மதியம் ஒலி சரிபார்க்கும்போது ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு.

“நீங்கதான எழுதினது? நேர்ல பாத்த மாதிரியே இருந்துச்சு அக்கா. அந்த இடக்கைப் பொண்ணு மறுபடி என்னிக்கு வாசிப்பாங்க?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமை என்றேன்.

படியிறங்கும்போது திரும்பினார். “முடிய இன்னும் நீளமாத்தான் வெச்சிருக்காளா?”

வெச்சிருக்காளா?

மார்ச் 14

தூக்கமில்லை. ரொவேனாவின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நிலோவுக்குப் போன் செய்து, வந்து விசாரித்தவரைப் பற்றிச் சொன்னேன். பதறிப்போய்க் கேட்டான்.

“இலோய்லோ ஊர்ப் பக்கத்துப் பேச்சா? மெதுவா பேசுவானா?”

ஆமாம் என்றேன்.

“அடிப்பாவி... அவ புருஷன்டி. ரெண்டு வருஷமா ஒளிஞ்சிட்டிருக்கா. ஏன் அவ முதுகக் காட்டி நிக்கிறான்னு ஒரு தடவையாவது கேட்டியா?”

“போலீசுக்குப் போலாமே?”

“அவன் அண்ணனே போலீசு.”

கேட்கவில்லைதான். அதை ஒரு அழகென்றல்லவா நினைத்தேன்! எழுதியதை அழித்துவிட்டேன். அழிச்சு என்ன, படிக்க வேண்டியவன் படிச்சிட்டானே.

மார்ச் 16, சனி

ரொவேனா இல்லை. இருவராகவே வாசித்தார்கள். அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி நின்றது பாட்டு. அவன் முன்வரிசையில் — கடைசிவரை தலைகூட அசையவில்லை. எங்கே அவள் என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மைதான். நிலோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 23, சனி

இன்று வேறு குழுக்கள். ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. அவன் என் மேசையோரம் வந்து நின்றான்.

“இப்பல்லாம் எழுதறதில்லையா அக்கா?”

நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

“மரிகினாவுக்குத் தனியாவா போறீங்க? பாலம் தாண்டி ரெண்டாவது சந்து. விளக்குகூட இல்லையே அங்க.”

நான் எங்கே குடியிருக்கிறேன் என்று அவனிடம் சொன்னதே இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

நேற்றிரவே நிலோவுக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். காலையில் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். “ரெண்டு துணி போதும். ஏறு ஜோசி.”

“எங்கடா?”

“அவ இருக்கற எடத்துக்கு. அவதான் கூட்டிட்டு வரச் சொன்னா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

பாதி வழியில் ஊரின் பெயரைச் சொன்னான். இங்கே எழுதப்போவதில்லை.