வருத்தம் வந்தால் வாருங்கள்

லாசால், மொன்றியல்
16.11.2003

என் அன்புத் தங்கை ஜெனாட்டுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இன்று பூசைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வைத்து இன்னும் இரண்டு தரம் வாசித்தேன். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பதில் எனக்கு நிம்மதி.

நானும் மகளும் இங்கே வந்து மூன்று மாதம் முடிகிறது. ஒன்பது வருடம் தனியே இருந்த மனிதருக்கு வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருப்பது பழக நாளெடுக்கிறது. உன் அத்தான் பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், பின்னேரம் கட்டிடங்கள் துப்புரவாக்கப் போகிறார். ஜெயனிக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போதைக்குப் பிரெஞ்சு மட்டும்தான். பதினைந்து வயதில் திரும்பவும் அரிவரியா என்று அழுகிறாள். நான் கீரை கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான் வரும். பக்கத்தில் நின்று வேலை செய்யும் சிவாஜினி இல்லாவிட்டால் அங்கே எனக்கு வாயே இல்லை.

நீ கேட்ட விடயத்தை மறக்கவில்லை. அம்மாவுக்கு வந்த வருத்தம் நமக்கும் வரலாம் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டாய்! புதிதாக வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவக் காட் என்ற அட்டையைத் தருவார்கள். அதில் சூரியன் படம் இருக்குமாம். அது வந்ததும் முதல் வேலையாக நீ சொன்ன கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்வேன். சத்தியம்.

தொலைபேசியில் இதைக் கேட்காதே. வீடு சின்னது, அவர் பக்கத்தில் இருப்பார். கடிதத்தில் எழுது.

உன் அக்கா
அஞ்சலீனா


மன்னார்
11.01.2004

அன்புள்ள அக்கா,

புது வருடத்துக்கு அனுப்பிய படம் வந்தது. அந்தப் பெரிய குளிர்ச்சட்டைக்குள் உங்களைத் தேடவேண்டியிருந்தது. அத்தான் மெலிந்துவிட்டார். படத்தின் பின்னால் ‘காட் வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தீர்களே, படத்தைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

சண்டை நின்றபிறகு எங்கள் கிளினிக்குக்குச் சாமான்கள் ஒழுங்காக வருகின்றன. போன கிழமை பதினொரு பெண்களுக்கு இந்தப் பரிசோதனை செய்தோம். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது நானே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் ஒரு வருடம் ஒளித்துத் திரிந்த மீன்காரப் பெண் ஒருத்தி, “இதுக்கோ இவ்வளவு பயந்தனான்!” என்று சிரித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். பத்து நிமிட வேலை, அக்கா. வருத்தம் முற்றப் பல வருடம் எடுக்கும். அதற்குள் பிடித்தால் சுகமாக எடுத்துவிடலாம். நானும் செய்துவிட்டேன்.

அம்மா எட்டு மாதம் இரத்தப்போக்கை எங்களுக்கு ஒளித்தார். தன் துணியைத் தானே தோய்த்து, வேலிக்குப் பின்னால் காயப்போட்டார். அப்போது நான் மருத்துவமாதுப் பயிற்சியில் இருந்தேன். இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உங்களை நான் நச்சரிப்பது அதனால்தான். கோபிக்காதீர்கள்.

உங்கள் ஜெனாட்


லாசால்
21.03.2004

அன்பின் ஜெனாட்,

பரிசோதனை நடக்கவில்லை. ஆனால் நான் போகாமல் இருக்கவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டுப் பேசு.

இங்கே குடும்ப டொக்டர் என்று ஒருவர் இருந்தால்தான் இப்படியான சோதனை. சாப்பாட்டு இடைவேளையில் சிவாஜினி எனக்காக ஏழு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆறு இடத்தில் புது ஆட்களை எடுப்பதில்லை. ஏழாவது இடத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள், இரண்டு வருடம் செல்லுமாம். முன்பதிவு இல்லாமல் பார்க்கும் கிளினிக் ஒன்று இருக்கிறது என்றாள். உன் அத்தானிடம் கேட்டேன்.

“உமக்கு என்ன வருத்தம்?” என்றார்.

“வருத்தம் ஒண்டுமில்லை. வராமல் பாக்கிறதுக்குத்தான்.”

“வருத்தமில்லாமல் ஆரப்பா டொக்டரிட்டப் போறது?”

ஆனாலும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அதைச் சொல்லத்தான் வேண்டும். காலை ஆறரைக்கே கதவுக்கு வெளியே பனிக்குள் வரிசை நின்றது. எட்டு மணிக்குத் திறந்தார்கள். மேசையில் இருந்த பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

“என்ன வருத்தம் எண்டு கேக்கிறா,” என்றார் இவர்.

“சோதிக்க வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ.”

“எதைச் சோதிக்க?”

அந்த இடத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டது. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஏதோ சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் கையை விரித்தார்.

“இது வருத்தக்காரருக்காம். வருத்தம் வந்தால் வரட்டாம்.”

நான் அசையவில்லை. எனக்கே அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார், குனிந்து அந்தப் பெண்ணிடம் வேறொன்று சொன்னார். உடனே ஒரு இலக்கத் துண்டு கிடைத்தது.

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். டொக்டர் சின்னப் பெடியன். என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமத்தி அமத்திப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. எனக்கு வயிற்றுக்குத்து என்று உன் அத்தான் சொல்லியிருக்கிறார். நான் “நோ, நோ” என்றேன். டொக்டர் அவரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். வாய்வுக்குக் குளிசை எழுதித் தந்தார்கள்.

சிரிக்கிறாயா? பஸ்ஸில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சிவாஜினியோடு போகலாம்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டு பேர் வேலைக்கு வராமல் நின்றால் மேற்பார்வையாளன் இருவரையும் வரவேண்டாம் என்றுவிடுவான்.

பொறுத்துக்கொள். ஏதாவது வழி பார்க்கிறேன்.

உன் அக்கா


லாசால்
04.07.2004

ஜெனாட்,

உன் கடிதத்துக்குள் அத்தானுக்கென்று தனியாக உறையில் ஒட்டி வைத்திருந்த கடிதத்தை அவர் வாசித்துவிட்டார். நீ நல்லதுக்குத்தான் எழுதினாய். ஆனால் அம்மாவுக்கு இருதய வருத்தம் என்று சொல்லித்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள் என்பதை எப்படி மறந்தாய்? புற்றுநோய் என்று அவர் உன் எழுத்தில்தான் முதன்முதலாக அறிந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “பதினேழு வருசம் எனக்கு மறைச்சுப்போட்டீர்,” என்றார். பிறகு, “நாளைக்கு ஜெயனியை ஒருத்தன் கட்டுவானே? இந்தக் கதை இந்த வீட்டை விட்டு வெளியில போகக்கூடாது. டொக்டரும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்,” என்றார்.

இப்போது கடிதப்பெட்டிச் சாவி அவரிடம். வேலை முடியும்போது தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கிறார். சிவாஜினியோடு நின்று கதைத்தால் முகம் மாறுகிறது. அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. மனிதர் பயந்துபோயிருக்கிறார். அவருடைய பயத்துக்குள் நானும் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

உன் மனம் ஆறுவதற்காக ஒன்று சொல்கிறேன். போன மாதம் அவருக்குத் தெரியாமல் பரிசோதனையைச் செய்துவிட்டேன். ஒரு பெண் டொக்டர் பார்த்தார். எல்லாம் சுகம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆகவே இனி இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. இந்தக் கடிதத்தை சிவாஜினிதான் தபாலில் சேர்க்கிறாள்.

அஞ்சலீனா


மன்னார்
22.08.2004

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அத்தான், நான் அளவுக்கு மீறி எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இனி அதைப் பற்றி எழுதவில்லை. இங்கே மழை இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜெயனிக்கு என் முத்தங்கள்.

உங்கள் ஜெனாட்


லாசால்
12.02.2006

என் தங்கைக்கு,

ஒன்றரை வருடமாக உனக்குப் பனியையும் குளிரையும் பற்றியே எழுதி வந்தேன். இதை ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசி.

பரிசோதனை செய்தேன் என்று எழுதியது பொய். எந்தப் பெண் டொக்டரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் நீ கேட்கிறாய், மறுபக்கம் அவர் முறைக்கிறார், நடுவில் நான். உன் வாயை அடைத்தால் ஒரு பக்கமாவது மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் இரத்தம் படத் தொடங்கியது. நாற்பத்துமூன்று வயது, மாதவிலக்கு நிற்கும் காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவைப் போலவே என் துணியை நானே தோய்த்தேன். மார்கழியில் ஒருநாள் வேலையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். சிவாஜினி ஒருவரிடமும் கேட்கவில்லை. என்னை வாடகைக் காரில் ஏற்றினாள். “உன்ர வேலை போயிடும், பிள்ளை,” என்றேன். “போனாப் போகட்டும். நீங்கள் பேசாம இருங்கோ,” என்று ஏசினாள்.

அதே கிளினிக், அதே மேசை. இந்தமுறை எனக்கு வருத்தம் இருந்தது, கதவெல்லாம் திறந்தது. உடனே படுக்கை. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கடிதம். அடுத்த கிழமை பெண் டொக்டர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், சதைத் துண்டு எடுத்துச் சோதனை, படங்கள். இரண்டு வருடம் கேட்டுக் கிடைக்காததெல்லாம் சில கிழமைகளில் வந்து சேர்ந்தது.

கருப்பைக் கழுத்தில் புற்று. பக்கத்துக்கும் பரவியிருக்கிறது. வெட்டி எடுக்கும் நிலை தாண்டிவிட்டது. நாளை கதிர்ச் சிகிச்சை தொடங்குகிறது, ஐந்து கிழமை. “வருத்தத்தை மாத்த வாய்ப்பிருக்கு, ஆனால் வாக்குத் தரேலாது எண்டு டொக்டர் சொல்லுறா,” என்று அந்தத் தமிழ்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

உன் அத்தானைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் ஜெயனி படிவம் நிரப்பினாள். அவளுக்கு இப்போது பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. “குடும்பத்தில ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததோ எண்டு கேட்டிருக்கு,” என்றாள். எனக்குப் பழக்கதோஷம், வாயைத் திறக்கவில்லை. அவர்தான் சொன்னார்.

“அம்மம்மாவுக்கு இருந்தது. எழுது பிள்ளை.”

ஜெயனி பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

அவர் எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். தோள் குலுங்கியது. நான் எழுந்து போகவில்லை. எனக்கு அவரில் இரக்கமாகவும் இருக்கிறது, அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டோடும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

பொய் சொன்னதற்கு உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் அக்கா
அஞ்சலீனா


மன்னார்
12.03.2006

என் அக்கா,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. கிளினிக்கில் வைத்துப் பிரித்தேன். வெளியே பெண்கள் வரிசையில் இருந்தார்கள், எழுந்து போய் அழவும் முடியவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். எல்லாம் சுகம் என்று அன்றைக்கே சொன்னார்கள் என எழுதியிருந்தீர்கள். இந்தப் பரிசோதனையின் முடிவு அன்றைக்கே வராது, அக்கா. ஆய்வுகூடத்துக்குப் போய்த் திரும்பக் கிழமைக்கணக்காகும். அதை நாள்தோறும் பெண்களுக்குச் சொல்லி அனுப்புகிறவள் நான். அந்த வரியை வாசித்த உடனேயே எனக்குத் தெரியும், நீங்கள் போகவில்லை என்று. தெரிந்துகொண்டுதான் மெழுகுதிரி கொளுத்தினேன். அக்காவின் வீட்டில் சண்டை வேண்டாம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மையில் எனக்கும் களைத்துவிட்டது. நீங்கள் சொன்ன பொய் எனக்கும் வசதியாக இருந்தது.

இதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆறுதல் எழுத என்னால் முடியாது. கோபம் வந்தால் கோபியுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

உங்கள் பக்கத்தில் வந்து நிற்கவும் வழியில்லை. இங்கே திரும்பவும் சோதனைச்சாவடிகள், கொழும்புக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. கடிதம் மட்டும்தான் என் கையில் இருக்கிறது. இதை ஜெயனியிடம் வாசிக்கக் கொடுங்கள். அத்தானிடமும் கொடுங்கள்.

இனி எனக்குச் ‘சுகம்’ என்று எழுதவேண்டாம். எங்கே நோகிறது, எத்தனை தரம் சத்தி எடுத்தீர்கள், எது சாப்பிட முடிந்தது, அன்றைக்கு யார் கூட வந்தார்கள் என்று எழுதுங்கள். பொய் எழுதினால் எனக்குத் தெரியும். இந்தமுறை விடமாட்டேன்.

உங்கள்
ஜெனாட்