ஹிக்கரி தண்ணீர் குடிப்பதில்லை

லெக்சிங்டன், ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

பந்தயத்தில் ஓடி ஓய்ந்து உன் லாயத்தில் பட்டினி கிடந்த ஏழு குதிரைகளையும் அதிகாரிகள் மீட்டார்களே, அதில் ஹிக்கரியை நான்தான் அழைத்துவந்தேன். நன்றாக மேய்கிறான், விலா எலும்புகள் மறையத் தொடங்கிவிட்டன. ஆனால் வாளித் தண்ணீரைத் தொடுவதில்லை. மழைக்குட்டையில்தான் குடிக்கிறான். அதுவும் இந்த வெயிலில் வற்றுகிறது.

கால்நடை மருத்துவர் அவன் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லுல குறை இல்ல. இது ஏதோ பழக்கம்."

பக்கத்துப் பண்ணை மெர்ல் சிரித்தார். "உன் தம்பி விஸ்கி கலந்து குடுத்திருப்பான். அவனையே கேளு!"

வெல்லப்பாகு, உப்பு எல்லாம் கலந்து பார்த்துவிட்டேன். நீ எப்படித்தான் குடிக்கவைத்தாய்? தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதிகாரிகளைக் கூப்பிட்டது யாரென்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். "என் தம்பி குதிரை வளர்க்கக் கூடாதுன்னுதானே தீர்ப்பு? வேலிக்கு வெளிய நின்னு பாக்கலாமா?"

அங்கிருந்த பெண் காகிதங்களை இரண்டு முறை புரட்டினாள். "பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல, மேடம். இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதும் இல்ல."

வேலியோரம் நாற்காலி போட்டிருக்கிறேன். வா.

உன் அக்கா