முறத்தில் கிடந்த பிள்ளைக்கு

அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பகலில் பாப்பா விடுவதில்லை. அவள் கண்ணசந்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். வீட்டில் நானும் பாப்பாவும், சுவரில் சாய்த்து வைத்த ஒரு முறமும்தான்.

உன்னைக் கிடத்திய முறம். சாயங்காலம் அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு நைனாவோடு வந்தாள். வெந்தயமும் காகிதமும் ஊறவைத்து அரைத்துப் புதிதாக மெழுகியிருக்கிறாள். இன்னும் முழுசாகக் காயவில்லை. வீடெல்லாம் வெந்தய வாடை. அது மூக்கில் ஏறினதும் நீ உள்ளே படுத்து இருமுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். இருமியது பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் திருவிழா. பூசை முடிந்ததும் வழக்கம்போல வாசலில் ஏலம். ஊரார் நேர்ந்துவிட்ட சேவல், தென்னங்கன்று, முதல் வலையில் விழுந்த இறால் எல்லாம் ஏலம் போகும். அதோடு என் பாப்பாவையும் முறத்தில் கிடத்தி மாதாவுக்குக் கொடுத்துவிட்டு, ஏலத்தில் திருப்பி எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாமா ஏலம் கேட்பாராம். உன்னை எடுத்த அதே மாமா. ஏழு மாதப் பிள்ளை இந்த முறத்தில் அடங்குவாளா என்று கேட்டேன். "நீ அடங்கினா அவ அடங்குவா" என்றாள் அம்மா.

உன் கதையை அவள் சொல்லாத திருவிழா உண்டா? கைக்குழந்தையில் உனக்கு மூச்சு இழுத்ததும், டாக்டர் கையை விரித்ததும், ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நைனா வலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்ததும். கோயில் படியில் முறத்தோடு உன்னை வைத்து, "இனிமே இவ எங்க புள்ள இல்ல, மாதா புள்ள" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்து வந்தாளாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ அழுதாயாம். அப்படியும் அவள் பார்க்கவில்லையாம். பிறகு ஏலம். மாமா ஒரு விலை கேட்க, இறால் வியாபாரி ஒருவர் வேடிக்கைக்கு ஏற்றிவிட, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனாராம். அந்த இடம் வந்ததும் எல்லோரும் சிரிப்போம். "அந்தாளு எடுத்திருந்தா என்னை ஐஸ் பெட்டில போட்டு மெட்ராஸுக்கு ஏத்தி இருப்பாரு" என்பாய் நீ. அம்மா உன் வாயிலேயே ஒன்று போடுவாள்.

ஐஸ் பெட்டி கடைசியில் நம் வீட்டுக்கே வந்தது அக்கா. வாடகைக்கு. நடுவீட்டில் வைத்து ஒயரைச் சொருகினார்கள். பக்கத்தில் ஊரே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன அந்த ஜோக் வேறு யாருக்காவது ஞாபகம் வந்ததா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மாதா பிள்ளை என்று ஆனபிறகு உனக்கு என்ன சுகம் இருந்தது, யோசித்துப் பார். வருஷா வருஷம் உன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி வைக்க வேண்டும். நீ வளர வளர நைனா சலித்துக்கொள்வார், இந்தப் பொண்ணு நெட்டையா வளராம இருந்தா தேவலை என்று. உனக்குச் சளி பிடித்தால் அம்மா முதலில் காலண்டரைத்தான் பார்ப்பாள். திருவிழாவுக்கு எத்தனை நாள், போன வருஷம் ஏதாவது குறை வைத்தோமா என்று. எனக்குச் சளி பிடித்தால் கஷாயம். உனக்கென்றால் கணக்கு. அப்போது எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. நம் வீட்டில் கடவுள் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நீ என்று நினைத்தேன்.

பிறகு நீ பொன்னேரி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒரு வருஷம் திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தி வைக்கவில்லை. அடுத்த மழைக்குள் உனக்குப் படி ஏற முடியாமல் போயிற்று. இதய வால்வு சின்ன வயதிலேயே கெட்டுப்போனது, இத்தனை நாள் ஓடியதே பெரிது என்று சென்னைப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா காதில் அது விழவே இல்லை. இன்றுவரை அவளுக்குக் காரணம் அந்த மெழுகுவர்த்திதான்.

நான் பி.காம். படித்தவள் என்ன கிழித்தேன்? உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்தேன். அக்காவை விட்டுவிடு, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போடுகிறேன், மீனே தொடமாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

"பேரம் பேசாதடி. ஏசு இன்னா மீன் மார்க்கெட்டா வச்சிகினு கீறாரு?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "பயமா கீது. கூட இரு" என்றாய். உன் கையைப் பிடித்தேன். இங்கதானே இருக்கேன் என்றேன். "உன்ன சொல்லல. நீ தூங்கு" என்றாய்.

எனக்கு அன்று கொஞ்சம் கோபம்தான் வந்தது. இத்தனை மந்திரம் படித்து, மறைக்கல்வியில் பரிசெல்லாம் வாங்கிய நான் இருக்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூங்கி வழிகிற நீ யாரிடம் இவ்வளவு சர்வசாதாரணமாகப் பேசுகிறாய் என்று.

நீ போனபிறகு நான் கோயிலை விடவில்லை. ஊரில் இருந்துகொண்டு விடத்தான் முடியுமா. கல்யாணம் அங்கேதான் நடந்தது. பாப்பாவுக்கு ஞானஸ்நானமும் அங்கேதான். முக்காடு போட்டு, முழங்கால் போட்டு, எல்லாம் செய்தேன். எனக்குள்ளே ஒருவரும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி குறைந்ததற்காகக் கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்கிற மாதாவை அம்மா என்று எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டேன், பயத்தில். சரியாகக் கூப்பிடாவிட்டால் என் பிள்ளையையும் எடுத்துக்கொள்வாளோ என்று.

அந்தப் பயம்தான் இப்போது எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது. பாப்பா பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்க்கிறது. போன வாரம் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் சின்ன ஓட்டை. தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். உன்னுடையது வேறு நோய், இது வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? நெஞ்சு நெஞ்சுதானே.

திரும்பி வரும்போது அவர் நேராக வேலைக்குப் போய்விட்டார். நானும் பாப்பாவும் மட்டும் ரயிலில். நீயும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அதே கும்மிடிப்பூண்டி வண்டி. அனுப்பம்பட்டில் எக்ஸ்பிரஸ் கடந்து போவதற்காக நிறுத்திவிட்டார்கள். விசிறி நின்றுவிட்டது. பாப்பா மடியில் தூங்கினாள். நான் ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நின்றுபோனது அக்கா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே, அந்த மங்கள வார்த்தை ஜெபம், அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதே இடத்தில் நின்றது. வேர்த்துவிட்டது. தப்பாகச் சொல்கிறேன், பிள்ளைக்கு ஆகாது என்று பதறினேன். அப்போது வாயில் வந்தது உன்னுடையதுதான். "பயமா கீது. கூட இரு."

நான் அப்படிப் பேசுவதே இல்லை, உனக்குத் தெரியும். காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து இருக்கு என்றுதான் சொல்வேன். வந்தது அப்படித்தான். ஏசுவிடம்தான் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதிலுக்கு எதையும் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் ஒன்று சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் போயிற்று. பாப்பாவுக்கு நெற்றி வேர்வை அப்படியேதான் இருந்தது. பயமும் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் நான் தனியாக இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வண்டி கிளம்பிய பிறகு பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் பையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அதனால்தான் இன்றைக்கு அம்மாவிடம் வேண்டாம் என்றேன்.

"இன்னா வேணாம்?"

"ஏலம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். படித்த திமிர் என்றாள். மாமாவுக்குச் சொல்லியாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று, ஃபாதர்கூட ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன என்றாள். அவர் இடையில் புகுந்து, ஏலமும் எடுப்போம், டாக்டரையும் பார்ப்போம், ரெண்டையும் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. டாக்டர் மட்டும் போதும் என்று நான் மறுக்கவில்லை என்றேன். நாளைக்கு இவள் வளர்ந்து, ஒவ்வொரு இருமலுக்கும் காலண்டரைப் பார்ப்பாள், மெழுகுவர்த்திக்குப் பயந்துகொண்டே சாமி கும்பிடுவாள், அதைத்தான் வேண்டாம் என்கிறேன் என்றேன். நைனா பாப்பாவின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அம்மா விடவில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அப்போது நான் சொல்லிவிட்டேன்.

"அக்காவையும் தானேம்மா ஏலத்துல எடுத்தீங்க. இருந்தாளா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை.

"எடுத்ததாலதான்டி இருபத்தாறு வருசம் இருந்தா."

பிறகு முந்தானையால் முறத்தின் விளிம்பைத் துடைத்தாள். சுவரில் சாய்த்து வைத்தாள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். நைனா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அதிலிருந்து அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருஷம். ஐஸ் பெட்டியை நான் பார்த்தேன். அவள் பார்த்தது அதற்கு முன்னால் நீ இருந்த நாட்களை. ஒவ்வொரு வருஷமும் மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குள் பயம் மட்டும்தான் இருந்ததா, நன்றியும் இருந்ததா, நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தபோது அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும்? என்னைவிடச் சின்னவள்.

இருந்தாலும் நான் மாறப்போவதில்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு பூசைக்குப் போவேன். அம்மா பக்கத்தில் இடம் விட்டால் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஏலம் தொடங்கும்போது வீட்டுக்கு வந்துவிடுவேன். ஊர் என்ன பேசும் என்று தெரியும். பாப்பாவுக்கு ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் பேசும், நானே என்னைப் பேசுவேன். அதற்கும் சேர்த்துத்தான் பயம்.

ஜெபமாலை திரும்ப வந்துவிட்டது. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னுடைய அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான். நீ எனக்கென்று எதுவும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அழுதிருக்கிறேன். உன் வளையலும் சுடிதாரும் அம்மா பெட்டியில் இருக்கின்றன. இது மட்டும், நீ எனக்குச் சொல்லாதது, என்னிடம் இருக்கிறது.

பாப்பா புரள்கிறாள். மூச்சு சீராகத்தான் வருகிறது, இப்போதுதான் கை வைத்துப் பார்த்தேன். முறத்தை எடுத்து உள்ளே வைக்கவும் முடியவில்லை, அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் மனசில்லை. அங்கேயே நிற்கிறது.

நாளைக்குக் காலையில் அம்மா வருவாள். அவள் சொன்னதற்கு நான் என்ன சொல்லட்டும் அக்கா? உனக்குத் தெரிந்திருக்கும். சீக்கிரம் பதில் போடு.