உன் கையளவு கறுப்பு

இன்று காலை கடை மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். முகப்பவுடரும் புது மழைக்கோட்டும் கலந்தாற்போல் ஒரு வாசனை. பார்த்தால், உன் தாள். உறையின் ஓரத்தைப் பிரித்து நிறத்தைச் சரிபார்த்துவிட்டு, துணிக்கடைக்காரிக்கே உரிய ஒழுங்கோடு இரண்டு மடிப்பு மடித்துக் கிளிப் மாட்டியிருந்தாய். மேலே உன் எழுத்து: "ஞானஸ்நானத்துக்கு."

உன் பேரனுக்கு ஞானஸ்நானம் இன்றைக்குத்தான். நீதான் இல்லை. போய் ஏழு மாதம் ஆகிறது.

ஒக்கலிபுரத்தில் தட்டில் ரிப்பனும் ஹேர்பின்னும் விற்க ஆரம்பித்தவள் நான். பிரேசர் டவுனில் இரண்டு ஷட்டர் வைத்த கடை எடுத்தபோது, பக்கத்து மேட்சிங் சென்டரில் நீ நின்றிருந்தாய். புடவையைக் கொண்டு வருபவர்களுக்கு ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுக்கும் வேலை. எந்தத் துணியையும் கடைக்குள் வைத்துப் பார்க்கமாட்டாய். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடிப்பாய். "டியூப்லைட்டு எல்லாரையும் ஏமாத்தும்டி. வெயில் யாருக்கும் பங்காளி இல்ல" என்பாய்.

உன் இடது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை வெண்புள்ளிகள். எப்போதும் அதில் ஒரு கைக்குட்டையைச் சுற்றியிருப்பாய். அப்படியும் சிலர் துணியை உன் கையிலிருந்து வாங்கமாட்டார்கள். "மேசைல வெச்சிடுங்க" என்பார்கள். நீ வைப்பாய். நானும் பார்ப்பேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களில் பாதிப்பேர் எனக்கும் வாடிக்கை.

பிறகு நான் அந்த மெஷினை வாங்கினேன். தோலைப் படம் எடுத்தால், எங்கே என்ன நிறம் குறைகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் மேக்கப் மையை மெல்லிய தாளில் அச்சடித்துத் தரும். தோலில் கொஞ்சம் நீர் தடவி, தாளை ஒட்டி, முப்பது எண்ணி உரித்தால், மை தோலில் நிற்கும், தாள் கையோடு வந்துவிடும். உன் முதலாளி எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகையும் அடிப்பீங்களாக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் கைக்குட்டையை அவிழ்த்தாய். "என் கைல போட்டுப் பாரு. கெட்டுப்போக இதுல என்ன இருக்கு?"

எத்தனை தாள் வீணடித்தோம்! ஒன்று செம்மண், ஒன்று சாம்பல். நீ ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய், "ஊஹும், சிவப்ப கொற", "இன்னும் கொஞ்சம் கறுப்பு ஏத்து" என்று உள்ளே பார்த்துக் கத்துவாய். ஒரு நாள் கத்தவே இல்லை. வெளியே வந்து பார்த்தால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். முழுக் கையும் ஒரே நிறம்.

"ஏ முதலாளியம்மா, என் கை எனக்கே அடையாளம் தெரிலடி."

அப்போதுதான் சொன்னாய். மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண் என்பதால் நீதான் அவளைப் பீடம்வரை கூட்டிப்போய், அவள் கையை மாப்பிள்ளை கையில் கொடுக்கவேண்டும். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தை உன் கையைப் பார்த்து, "பரவுமா? பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறாள். "அந்த ஒரு நாளு மட்டும் யாரும் என் கையப் பாக்காம என் பொண்ணப் பாக்கணும்" என்றாய்.

கல்யாணத்துக்குள் வியாபாரம் சூடுபிடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அசல் நிறத்துக்கு ஆளே இல்லை. தழும்பை மறைக்க வந்தாலும், மணப்பெண்ணுக்கு என்று வந்தாலும், அம்மாக்களுக்கு ஒரே பாட்டுத்தான்: "ஸ்வல்ப பெள்ளகே இர்லி, கொஞ்சம் வெளுப்பாவே இருக்கட்டும்." மெஷினில் எல்லா நிறத்திலும் இரண்டு படி வெளுப்பை ஏற்றிவிட்டேன். சரக்கு ஓடியது. உன்னிடம் சொல்லவில்லை.

உன் தாளை அச்சடிக்கும்போது பழைய நிறத்தை எடுத்திருக்கலாம். விரல் அதன்மேல் போய்விட்டுத்தான் வந்தது. நமக்கு வேண்டியவள், கல்யாண நாள், கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று தோன்றியது. காய்கறிக்காரன் கொத்தமல்லியைக் கொசுறு போடுவதுபோல, உனக்கு இரண்டு படி வெளுப்பைக் கொசுறாகப் போட்டேன். கடைக்காரி புத்தி.

கோயிலை ஒட்டிய அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒட்டி உரித்தேன். உனக்குக் கண் கலங்கியிருந்ததா, அவசரமா தெரியவில்லை. நீயும் சரியாகப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளி வராந்தாவுக்கு வந்தாய். பதினோரு மணி வெயில் நேரே உன் கைமேல் விழுந்தது. உன் கறுப்புக்கு நடுவே, வெள்ளையும் இல்லாத கறுப்பும் இல்லாத மூன்றாவது ஒரு நிறம் திட்டுத்திட்டாக நின்றது.

"என்னடி பண்ணின?"

"கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு... ரெண்டு படி..."

நீ சத்தம் போடவில்லை. "வெள்ளைதான் வேணும்னா ஆண்டவரே எனக்கு வேண்டியமட்டும் குடுத்திருக்காரே. நான் உன்கிட்ட கேட்டது என் கறுப்ப."

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. என் பையிலிருந்த, மையை அழிக்கும் எண்ணெய்த் துணியை வாங்கி, தோல் எரியும்படி தேய்த்துத் துடைத்தாய். நான் கைக்குட்டையை நீட்டினேன். நீ வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்தாய், நடந்தாய். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு நீ கேக் ஊட்டும்போது அந்த அத்தை ஏற்கெனவே தின்றவள்போல் வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்தேன். மாப்பிள்ளை உன் விரலிலிருந்தே வாங்கித் தின்றதையும் பார்த்தேன்.

நாலு நாள் நீ என் கடைப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் வந்து, எதுவுமே நடக்காததுபோல், "மெஷினப் போடு" என்றாய். ஒவ்வொரு நிறமாகப் பழையபடி இறக்கவைத்தாய்.

"கேட்டவளுக்குக் கேட்ட நெறத்தக் குடு. உனக்குப் புடிச்சத இல்ல."

"அவங்களே வெளுப்பு கேக்கறாங்களேடி?"

"வெயில்ல உக்கார வெச்சுக் காட்டு. பாத்துட்டும் கேட்டா குடு, அது அவங்க பாடு."

அன்றைக்கு அச்சடித்ததுதான் இந்தத் தாள். ஒட்டட்டுமா என்றேன். "இப்ப வேணாம். ஸ்டெல்லாக்குப் புள்ள பொறக்கட்டும், ஞானஸ்நானத்துக்குப் போட்டுக்கறேன். உன்னோட தப்ப நீயே சரி பண்ணுன மாதிரியும் இருக்கும்." சிரித்தாய். குழந்தை பிறப்பதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

கடை வாசலில் இப்போது ஒரு ஸ்டூல் கிடக்கிறது. வெளுப்பு கேட்பவர்களை அதில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். வெயிலில் பார்த்ததும் பாதிப்பேர் மனம் மாறுகிறார்கள். மீதிப்பேர் மாறுவதில்லை. கடை நடக்கிறது.

இன்று காலை அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். இடது கையில் நீரைத் தடவி, உன் தாளை ஒட்டி, முப்பது எண்ணி உரித்தேன். நான் சிவப்புதானே, உன் கறுப்பு என் கையில் திட்டுத்திட்டாய் இறங்கியது. அப்படியே ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனேன்.

ஞானஸ்நானம் முடிந்து ஹாலில் நான்தான் கேக் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். அதே அத்தை. எடுக்க வந்த கை பாதியில் நின்றது. "கைல என்னம்மா அது? பரவுமா?"

தட்டை அப்படியே நீட்டியபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள். தட்டைத் தாங்கிய கையைப் பார்த்தாள். தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆன்ட்டி... இது அம்மா கைதான?"

கட்டைவிரல் அடியிலிருந்து ஒவ்வொரு திட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் நின்றாள். "இங்க மூணு சொட்டு. சின்னதுல இத எண்ணிட்டேதான் தூங்குவேன்." பிறகு, "புடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். அதன் தலை அந்த இடது கையில் அடங்கியது. அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எண்ணெய் பாட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது, இடது கையை இன்னும் துடைக்கவில்லை. மை இரண்டு நாள் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறேன். நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும், வாசல் வெயிலில் நின்று பார்க்கவேண்டும், நான் சொல்லி விற்பது சரிதானா என்று.