வெட்டிய முனைகள்

புதன்கிழமை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் விருந்தினர் இல்லத்துக்கு, வெளிச்சுவர் முழுக்க பூச்சியும் ஈரமும் அரிக்காமல் மருந்தேற்றிய மரப்பலகை பதிக்கிறோம். தச்சர் ஏசுதாஸ் அண்ணன் பலகை அடிப்பார், நான் பெயிண்ட் அடிப்பேன். இன்று நான் சாப்பிட்டு வருவதற்குள், வெட்டிய முனைகளில் பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசாத நான்கு பலகைகளை, அண்ணனை அவசரப்படுத்தி அடிக்க வைத்துவிட்டார் சூப்பர்வைசர்.

"நாளிக்கு முதலாளி வராரு. மேல மட்டும் அட்ச்சு வுடு. முனைய எவன் பாக்கப்போறான்?" என்றார்.

"மழை பாக்கும் சார். தண்ணி அங்கதான் பூரும். உளுத்துப்போச்சுன்னா, மீனா அட்ச்சது சரியில்லன்னுதான சொல்லுவீங்க?"

"எனக்கே வேல கத்துக் குடுக்கிறியா? இஷ்டம் இல்லன்னா நாளிக்கு வராத."

பிரஷ்ஷை வைத்துவிட்டு, ஆணி பிடுங்கும் கம்பியால் முதல் பலகையை நானே நெம்பினேன். ஏசுதாஸ் அண்ணன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். பிறகு, "இரு மீனா, அந்தப் பக்கம் நான் புட்சிக்கிறேன்" என்று ஏணியில் ஏறினார். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே போய்விட்டார்.

நான்கு பலகையையும் கழற்றி, முனையில் பிரைமர் பூசிக் காயவைத்துவிட்டு வந்தோம்.

நாளை எட்டு மணிக்குப் போவேன். வராதே என்பதை சூப்பர்வைசர் முதலாளி முன்னால் சொல்லட்டும். ஏன் கழற்றினேன் என்று நானும் அங்கேயே சொல்கிறேன்.