இளவேனில் தலையில் விழுந்த துணி

அன்னூர்,
7-7-1999

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தப் பனிமலையில் கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன் கண்ணு. ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு உன் கடுதாசி ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீதி நாச்சியம்மாள் வீட்டுப் போனுக்கும் நீ கூப்பிடவில்லை, அந்த வீட்டு ஆள் யாராவது நம் வீதிப் பக்கம் வந்தாலே நான் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். உன் அப்பா மில் விட்டு வரும்போது டீக்கடை டிவியில் சண்டைச் செய்தி பார்த்துவிட்டு வருகிறார், வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தங்கச்சி அன்புக்கரசி பள்ளிக்கூடம் போய் வருகிறாள். மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது உன் பெண்டாட்டி இளவேனில் விஷயம். மே மாதம் வந்த புது ஆயர் ரொம்பக் கண்டிப்பு. முக்காடு போடாத பெண்களுக்குத் திருவிருந்து கிடையாது என்று வந்த கையோடு சொல்லிவிட்டார். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போகிறேன், அது எனக்குப் பிடிக்கும், கர்த்தர் முன்னால் அடக்கமாக நிற்கிற மாதிரி இருக்கும். இளவேனிலும் முதலில் முணுமுணுக்காமல் போட்டாள். நீயும் சபை சொல்கிறபடி நட என்று அவளுக்கு எழுதியிருந்தாய். ஆனால் போன மாதம் அவள் பெரியம்மா மகளுடைய புருசன் வேலன், பட்டாளத்தில் இருந்தானே, அவனைப் பெட்டியில் கொண்டுவந்து தாராபுரத்தில் இறக்கினார்கள். இந்தச் செய்தியை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார், எழுதாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை சாமி. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அவன் பெண்டாட்டியை உட்காரவைத்து, அவள் அண்ணன் பின்னாலிருந்து, புருசனை இழந்தவளுக்குப் போடுகிற கோடிச்சேலையைத் தலைமேல் போட்டான். இளவேனில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள், சேலையில் பாதி இவள் தோளில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள், அத்தை, இனி நான் தலையில துணி போடமாட்டனுங்க, உங்க மகன் அங்க நிக்கறப்ப எனக்குக் கை வராதுங்க என்று.

சபைப் பெண்கள் விடுவார்களா. புருசன் சண்டையில நிக்கறான், இவ வெறுந்தலையோட ஜெபம் பண்றாளே, அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு என்று என் காதுபடவே பேசினார்கள். அவள் பிறந்த வீட்டு ஆள்களோ தாராபுரத்திலிருந்து வந்து, தாலி கழுத்துல இருக்கறப்ப தலையில முக்காடா, உன்ற மாமியார் ஊட்டுல புத்தி சொல்ல ஆளே இல்லியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போட்டாலும் உன் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டாலும் உன் உயிருக்கு ஆபத்து என்று இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டு நசுக்கினார்கள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

அதே மாதம் மூன்றாவது ஞாயிறு திருவிருந்து. இந்த நேரத்தில் அதை விடக்கூடாது, உனக்காக வாங்க வேண்டும் என்று அவள் வெறுந்தலையோடு போய் முழங்கால் போட்டாள். ஆயரம்மா நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தது. எழுந்து வந்து, மடித்து வைத்திருந்த ஒரு புது வெள்ளைத் துணியை விரித்து, பின்னாலிருந்து அவள் தலைமேல் போட்டுவிட்டது. அது மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், கோடி போடுவதைக் கண்ணால் பார்த்திருக்காது. புதுத் துணி, பின்னாலிருந்து. இளவேனில் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆயர் கையிலிருந்த அப்பத் தட்டு ஆடிப்போயிற்று. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அய்யோ நான் இல்லீங்க, எனக்கு இல்லீங்க என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் பிடித்து வந்தேன்.

மறுநாள் அப்பாவும் நானும் ஆயரைப் பார்த்து, எங்கள் சனத்தில் தலைமேல் துணி விழுந்தால் என்ன அர்த்தம் என்று சொன்னோம். ஆயரம்மா அழுதுவிட்டது. ஆயரோ, அது அவிசுவாசிகளுடைய பயம், சபையின் ஒழுங்கை அதற்காக மாற்ற முடியாது என்றார். அப்பா எழுந்துவிட்டார். பயம்னா பயந்தானுங்க, பெத்தவனுக்கும் இருக்குதுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்கு ஆயர்மேல் கோபம்தான் கண்ணு, மறைக்க என்ன இருக்கிறது. துணி அவளவள் மனசோடு போட வேண்டியது. மனசு செத்துக்கிடக்கிறவள் தலையில் போட்டால் ஆண்டவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வாரா.

இளவேனில் இப்போது கோயில் கேட்டு வரைக்கும் என்னோடு வருகிறாள், உள்ளே வருவதில்லை. ஆராதனை முடிகிற வரைக்கும் வெயிலில் நிற்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவரு வந்து எம்முன்னால நின்னு போடுன்னு சொல்லட்டுமுங்க அத்தை, அன்னைக்கு நானே போட்டுக்கறேன் என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குத் தெரியாது. போன ஞாயிறு கோயில் படியில் நின்று எப்போதும் போல முந்தானையைத் தலைக்கு எடுத்தேன். கழுத்து வரைக்கும்தான் வந்தது, அதற்குமேல் கை எழவில்லை. கேட்டில் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஈரக் காலுறையோடு இருக்காதே, கால் விரலைத் துடைத்துக் காயவைத்துக்கொள். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு உன் கையெழுத்தில் இரண்டு வரி முதலில் எழுது. முக்காட்டைப் பற்றி ஒன்றும் எழுதாதே. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

கோயில் வாசலில் நிற்கும்,
உன் அம்மா
பழனியாத்தாள்