ஒன்பதாம் உலையின் சத்தம்

அட்டர்கிளிஃப், ஷெஃபீல்ட்
13 ஜனவரி 1980, ஞாயிறு

அன்பு மகன் டெரெக்குக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். இருமல் மட்டும் விடவில்லை. அதுவும் என்னைப் போலவே பிடித்த இடத்தை விடாத ரகம். லண்டனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று வாங்கிய, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியை நானே நாலு நாள் வைத்துத் தின்று தீர்த்தேன். போகட்டும்.

உன் இசைத்தட்டு வந்தது. நம் கடை மாடியில் மூன்று பேராக இரும்புக்குழாயைத் தட்டிக்கொண்டிருந்த நீங்கள் இன்று பெரிய தட்டே போட்டுவிட்டீர்கள். முதல் கேசட்டுக்கு ஐம்பது அட்டையை நானும் உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? உண்மையைச் சொன்னால் எனக்கு இதில் பாதி புரியவில்லை. மீதிப் பாதி புரிந்தவரைக்கும் தலைவலி. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ‘கொப்பரை’ என்று ஒன்று வருகிறதே, உலை இரைகிற மாதிரி, அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டேய், அது நம் கடையில் பெண்களுக்குத் தலை உலர்த்துகிற டிரையர் அல்லவா! வரிசையில் மூன்றாவது. அந்த விசிறி தட்டித் தட்டி ஓடுவதை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிறானே ஒரு ஆள், அவன் யார்? உடம்புக்கு முடியாதவனா?

உன் முகம் போட்ட தட்டின் அட்டையைக் கடைக் கண்ணாடியில், சுருட்டைமுடிப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எதிர்த்தெரு எட்னா ஷிம்வெல் அக்கா பார்த்துவிட்டு, “என்ன சிரிலு, ஒம் மவன் மூஞ்சியில சிரிப்பே காணோம், பல்லுவலியா?” என்றார். கடையே சிரித்தது. உருக்காலை வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஆண்கள் வாசலில் நெருப்பு மூட்டி நிற்கிறார்கள், பெண்கள் வீட்டிலேயே தலை கழுவிக்கொள்கிறார்கள். எட்னா அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. அவர் வீட்டுக்காரர் ஹோரஸ் ஆலை விபத்தில் போன பிறகு அந்த ஒரு வழக்கத்தை அவர் விடவில்லை.

இரண்டு வரியாவது எழுது.

உன் பிரியமுள்ள அப்பா,
சிரில் பிக்கர்ஸ்கில்

*

ஹாக்னி, லண்டன்
19 ஜனவரி 1980

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு வராதது என் தப்புதான்.

ஒரு உதவி வேண்டும். அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். அது டிரையர் சத்தம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த மாதிரி இசையை முதலில் தொடங்கியவர்களே எங்கள் ‘ஒன்பதாம் உலை’ குழுதான் என்று இங்கே எழுதுகிறார்கள். ‘இன்டஸ்ட்ரியல்’, அதாவது ஆலை இசை, என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரன் “இது நிஜ உலைதானே?” என்று கேட்டான். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. பெண்கள் தலை உலர்த்துகிற யந்திரம் என்று அவனிடம் எப்படிச் சொல்வேன் அப்பா? கூட வாசிக்கிற க்ளைவின் அப்பா கசாப்புக்கடை வைத்திருக்கிறார். அதைக்கூடச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் ஒரு பேட்டி வரும். நீங்கள் வாங்க வேண்டாம். உங்களுக்கு அது பிடிக்காது.

அன்புடன்,
டெரெக்

*

ஷெஃபீல்ட்
27 ஜனவரி 1980, ஞாயிறு

அன்பு மகனுக்கு,

அட்டையை எடுத்துவிட்டேன். வாங்காதே என்று நீ எழுதியதால் பத்திரிகையையும் உடனே வாங்கினேன்.

நான் செத்துப்போன செய்தியை உன் பேட்டியில் நானே நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு, வழக்கம்போல இரண்டு பேருக்குத் தலை சீவிவிட்டேன். செத்தவன் கைக்கு அது மோசமில்லை.

கேலி இருக்கட்டும். நான் பெண்களுக்கு முடி சுருட்டுகிறவன் என்பது உனக்கு வெட்கம் என்று எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூட வாசலில் என் சட்டையில் சென்ட் வாசனை அடிக்கிறது என்று நீ பத்தடி தள்ளி நடப்பாய். சின்னப் பையன், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். இந்த ஊரில் ஆண் என்றால் உலையில் நிற்க வேண்டும். எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. அதனால் என்னைக் கொன்றதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் எந்தச் சாவைக் கொடுத்தாய்? உருகிய இரும்பு நிறைந்த கொப்பரை என்மேல் சாய்ந்தது. ஆலையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே கொழுப்புத் தடவிய ரொட்டி பாதி மீதி இருந்தது. அவர் எதையும் வீணாக்க விடமாட்டார் என்று, அதை நின்றபடியே தின்று முடித்தாள் உன் அம்மா. இப்படித்தானே சொல்லியிருக்கிறாய்? டெரெக், அது ஹோரஸின் சாவு. அந்த ரொட்டியைத் தின்றது எட்னா அக்கா. உன் அம்மா ஐவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு போனவள். அவள் வாயில் ஏன் இன்னொருத்தி ரொட்டியைத் திணித்தாய்?

நல்லவேளை, எட்னா அக்கா அந்தப் பத்திரிகை எல்லாம் படிப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அவர் தலையைக் கழுவும்போது என் கை கூசியது.

அப்பா

*

லண்டன்
3 பிப்ரவரி 1980

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை க்ளைவ் பார்த்துவிடக் கூடாது என்று கழிப்பறையில் வைத்துப் படித்தேன். அப்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. “உங்கள் அப்பா உலையில்தான் வேலை பார்த்தாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “இப்போதும் பார்க்கிறாரா?” என்றான். அதற்கு இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? அப்புறம் என் வாயில் எட்னா அத்தையின் வார்த்தைகள்தான் வந்தன. கடை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஒரு பொய்யை முட்டுக்கொடுக்க அடுத்த பொய். சொல்லி முடித்தபோது அவன் கண் கலங்கிவிட்டான். அதன்பிறகு எப்படித் திரும்புவது?

இன்னொன்று. 27ஆம் தேதி ஒரு படக்குழு அங்கே வருகிறது. ஆலை வாசலில் என்னை நிற்க வைத்து எடுக்கப்போகிறார்கள். அன்றைக்கு மட்டும் நீங்கள் கடையை மூடிவிட்டு ராதரம் சித்தி வீட்டுக்குப் போய்விடுங்கள். இது கேட்கக் கூடாதது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

டெரெக்

*

ஷெஃபீல்ட்
10 பிப்ரவரி 1980, ஞாயிறு

டெரெக்,

ராதரம் போவதைப் பற்றி அப்புறம். முதலில் வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள்.

எட்னா அக்கா, கைக்குதவியாக இருக்கும் ரீட்டா, இன்னும் இரண்டு பேர் கடையில் இருந்தார்கள். “அட, ஒம் மவன் தட்டைப் போடுப்பா, நம்ம தெருப் புள்ள என்னதான் பண்ணியிருக்கான்னு கேப்போம்” என்று எட்னா அக்கா பிடிவாதம் பிடித்தார். வெறும் இரைச்சல்தானே, என்ன வந்துவிடும் என்று போட்டேன். கடையில் தட்டு ஓட்டும் பெட்டியின் வேகக்குமிழ் உடைந்து நாற்பத்தைந்து சுற்று வேகத்திலேயே நின்றுவிட்டது உனக்குத் தெரியும். உன் தட்டோ முப்பத்துமூன்றில் ஓட வேண்டியது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

‘கொப்பரை’ வந்தது. நீ மெதுவாக்கி வைத்திருந்தது வேகம் கூடியதும், உலை போய் டிரையர் ஆகிவிட்டது. “ஐயையோ, இது நம்ம டிரையர் சட்டிச் சத்தம்ல!” என்று ரீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்த முனகுகிற ஆள் வந்தான். அவன் ஆள் இல்லை. எட்னா அக்கா.

“டப்பாவக் குடுத்தாங்க சிரிலு. பாதி ரொட்டி அப்படியே இருந்துச்சு. நின்னுக்கிட்டே தின்னேன்.”

நான் பாய்ந்து ஊசியை எடுப்பதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது. எப்போதடா இதை எடுத்தாய்? பள்ளிக்கூட நாளில் நாற்காலிக்கு அடியில் டேப் பெட்டியை வைத்துக்கொண்டு, காற்றுச் சத்தத்தைப் பதிவு செய்கிறேன் என்றாயே, அப்போதா?

எட்னா அக்கா பாதித் தலையில் மட்டும் முடி சுருட்டும் உருளைகளோடு எழுந்து நின்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நான் இவ்ளோ சத்தமாவா பேசினேன்?” என்றார். “ஒங்கிட்ட மட்டும் காதோட சொல்றதா நெனச்சேனே. கடை பூரா கேட்டுச்சா? ரீட்டா, ஒனக்கும் கேக்குமா?”

ரீட்டா தலை குனிந்துகொண்டாள்.

சட்டிக்குள் தலை இருந்தால் தன் குரல் தனக்குக் கேட்காது. எல்லாப் பெண்களும் கத்துவார்கள். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டே கத்துவார்கள். நாங்கள் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவோம். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒருநாள், “அக்கா, மெதுவாப் பேசுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைத் திட்ட உட்கார்ந்தால் என் முகத்தில்தான் கரி அப்புகிறது.

உருளையைக்கூட அவிழ்க்காமல், மேலே துணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். முந்தாநாள் போனவர். வீட்டில் விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை.

படம் எடுப்பதற்கு முன் நீ வா. வந்து அவர் முன்னால் நின்று நீயே சொல். நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை என்று சொல்லமாட்டேன், கேட்டிருக்கிறேன். ஆனால் இது ஒன்றைச் செய்.

அப்பா

*

லண்டன்
15 பிப்ரவரி 1980

அப்பா,

படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அத்தை முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. படம் முடியட்டும், கட்டாயம் வருகிறேன். நான் ஒருவன் மட்டுமென்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். க்ளைவ், ராய் பிழைப்பும் இதில் இருக்கிறது. 27ஆம் தேதி மட்டும் தயவுசெய்து ராதரம் போய்விடுங்கள்.

டெரெக்

*

ஷெஃபீல்ட்
2 மார்ச் 1980, ஞாயிறு

டெரெக்,

27ஆம் தேதி நான் ராதரம் போகத்தான் கிளம்பினேன். தொப்பியைக்கூட மாட்டிவிட்டேன். அப்போது எட்னா அக்கா கதவைத் தட்டினார். கடையிலிருந்து உருளையோடு போனவர் அப்போதுதான் வெளியே வந்தார். முடியைத் தானே கத்தரித்துக்கொண்டிருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. “அவன் பேட்டியப் படிச்சுக் காட்டினாங்க. வா, ஒம் மவனைப் பாத்துட்டு வருவோம்” என்றார். அவர் கூப்பிட்டு நான் வரமாட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆலை வாசலில் நீ எங்களைப் பார்த்தாய். இல்லை என்று சொல்லாதே. நெருப்புத் தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் முடி சுருட்டிக்கொள்ள என்னிடம் பெண்டாட்டியை அனுப்புகிறவர்கள். நீ கேமராவைப் பார்த்து, “இந்த வாசலுக்குள்தான் என் அப்பா கடைசியாகப் போனார்” என்றபோது ஒருத்தனும் அது பொய் என்று சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். எனக்காகப் பார்த்தார்கள். அதைவிட அவர்கள் கைகொட்டிச் சிரித்திருக்கலாம்.

அப்புறம் அந்தப் படக்காரன் எட்னா அக்காவிடம் வந்தான். “இவரோட அப்பாவ உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும். நல்ல மனுஷன். ஒரு துண்டு ரொட்டி வீணாக்க மாட்டாரு. போய்ச் சேந்துட்டாரு” என்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். “நான் ஹோரஸத்தான் சொன்னேன்” என்றார். “அவன் எம் புருஷனத்தானே அப்பான்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்? எங்களுக்குப் புள்ள கெடையாது. ஒருத்தன் அப்பான்னு சொல்றான், சொல்லிட்டுப் போகட்டுமேன்னு தோணிச்சு சிரிலு. சொன்ன கையோட ஒம் மூஞ்சியப் பாத்தேன். நாக்கப் புடுங்கிக்கலாம்போல ஆயிடுச்சு.” நடுத்தெருவில் நின்று அழுதார். நானும்தான்.

நீ எங்கள் பக்கம் இரண்டு தடவை திரும்பினாய். மூன்றாவது தடவை வருவாய் என்று வேன் புறப்படும்வரை நின்றேன்.

சிரில்

*

லண்டன்
23 மார்ச் 1980

அன்புள்ள அப்பா,

நேற்று படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எட்னா அத்தை பேசுவதில்தான் படம் முடிகிறது. அவருக்குப் பக்கத்தில் தொப்பியோடு நீங்கள் நிற்கிறீர்கள். நான் எழுந்து, “அதோ நிற்கிறாரே, அவர்தான் என் அப்பா. உயிரோடு இருக்கிறார். பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறார். அந்த உலைச் சத்தம் அவர் கடை டிரையர்” என்றேன்.

சிரித்தார்கள் அப்பா. “பிரமாதம்யா, இதையும் பேட்டியில சொல்லு” என்று முதுகில் தட்டினார்கள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதிகம் குடித்துவிட்டேன் என்று க்ளைவ் வெளியே இழுத்துப் போனான். தட்டிலிருந்து அத்தை குரலை எடுத்தால்தான் இனி மேடை ஏறுவேன் என்று அவனிடம் சொன்னேன். அப்படியானால் ஏறாதே என்றான். ஏறவில்லை.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். டெரெக் என் மகன் என்று உங்கள் கையெழுத்தில் ஒரே வரி. அதை அவர்கள் முகத்துக்கு நேரே காட்டுவேன். அத்தையிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். வரலாமா என்றும் அதிலேயே எழுதுங்கள்.

உங்கள் மகன்,
டெரெக்

*

லண்டன்
15 ஏப்ரல் 1980

அன்புள்ள அப்பா,

போன கடிதம் கிடைத்ததா? வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று படித்தேன். கடையில் இனி கூட்டம் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் தெருமுனைப் பெட்டியிலிருந்து கடைக்கு போன் செய்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். பின்னால் பெண்கள் பேச்சு கேட்டது. நீங்கள் அவர்களிடம், “கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா, எல்லாருக்கும் கேக்குது” என்றீர்கள். பிறகு என்னிடம், “சிரில் பேசறேன், நீங்க யாருங்க?” என்றீர்கள்.

உங்கள் மகன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை அப்பா, அந்த ஒரு வரியை நீங்கள் இன்னும் எழுதவில்லையே. நீங்கள் மறுபடியும் கேட்டீர்கள், கொஞ்சமும் கோபமில்லாமல், “யாருங்க பேசறது?” என்று. போனை வைத்துவிட்டேன்.

டெரெக்